ஹாஃப்-லைஃப் 2: அன்றைய விமர்சகர்கள் எதைக் கொண்டாடினார்கள், எதைக் குறை சொன்னார்கள்?

கேள்வி இது: 2004-இல் ஹாஃப்-லைஃப் 2 வெளிவந்தபோது விமர்சகர்கள் நிஜமாகவே அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்களா, அல்லது அது பிற்பாடு ரசிகர்கள் சேர்ந்து கட்டிய பெயரா? இன்று முதல்முறையாக விளையாடுகிறவர்களில் சிலருக்கு "இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று தோன்றுகிறதே, அது ஏன்?

முதல் பாதிக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். ஆம், வெளிவந்த வாரத்திலேயே கொண்டாடினார்கள். 2004 நவம்பர் 16 அன்று கணினிக்கு வந்த அந்த கேம், விமர்சன மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 100-க்கு 96 என்ற சராசரியோடு இன்றும் நிற்கிறது. ரசிகர்கள் பிறகு ஏற்றிவைத்த மதிப்பெண் அல்ல அது. அன்றைய பத்திரிகைகளும் இணையதளங்களும் போட்டவை.

இரண்டாம் பாதிக்குத்தான் விரிவான பதில் வேண்டும். மதிப்பெண் விஷயத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். ஆனால் எதற்காக அந்த மதிப்பெண் என்று பார்த்தால் காரணங்கள் பிரிகின்றன. அன்று உரக்கப் பாராட்டப்பட்ட பலவும் இன்று எல்லா கேம்களிலும் கலந்துவிட்டன. புதிதாக வருகிறவர் கண்ணுக்கு அவை தனியாகத் தெரிவதே இல்லை. இன்றும் அசையாமல் நிற்கிற ஒன்று, அன்றைய பாராட்டுப் பட்டியலில் பின்வரிசையில் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் 2004-க்கு முந்தைய கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் எந்த விமர்சகரும் வெறும் மனதோடு இந்த கேமைத் திறக்கவில்லை.

1998 நவம்பரில் வந்த முதல் ஹாஃப்-லைஃப் வால்வ் நிறுவனத்தின் முதல் கேம். அதற்கு முன்பு, நாயகனின் கண் வழியே பார்த்துச் சுடும் இந்த எஃப்பிஎஸ் வகை கேம்களில் கதை என்பது பெரும்பாலும் கையேட்டில் அச்சிட்ட ஒரு பக்கம், அல்லது இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஓடும் ஒரு சின்னக் காட்சி. ஹாஃப்-லைஃப் கேமராவை நாயகன் கார்டன் ஃப்ரீமேனின் கண்ணிலிருந்து கடைசிவரை எடுக்கவே இல்லை. ரயிலில் ஆய்வுக்கூடத்துக்குள் போகிறோம், சோதனை தவறிப்போகிறது, தப்பித்து மேலே வருகிறோம், எல்லாமே நம் கண்ணெதிரே நடக்கிறது. 50-க்கும் மேற்பட்ட 'ஆண்டின் சிறந்த கேம்' விருதுகள் அதற்குக் கிடைத்தன. அதன் மெட்டாகிரிட்டிக் சராசரியும் 96 தான். அப்படிப்பட்ட ஒன்றின் அடுத்த பாகத்தை எடை போட உட்காரும் விமர்சகர் கையில் வழக்கத்தைவிடப் பெரிய தராசு இருந்தது.

வால்வ் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. 2003 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஈ3 கேம் கண்காட்சியில் இரண்டாம் பாகத்தைத் திடீரென்று காட்டியது. மரம் மரம் போல மிதக்கிறது, இரும்பு இரும்பு போல விழுகிறது, திரையில் ஒரு முகம் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்துகிறது. அந்தக் கண்காட்சியின் விமர்சகர் விருதுகளில் முதல் இடம் அதற்குத்தான் போனது. 2003 செப்டம்பர் 30 அன்று வெளியீடு என்றும் அறிவித்தார்கள்.

அந்தத் தேதி வந்தது, கேம் வரவில்லை. சில நாட்களில் அதன் மூலக் குறியீடு திருடப்பட்டு இணையத்தில் கசிந்தது. பின்னர் அரைகுறையாக ஓடக்கூடிய பதிப்பும் வெளியே வந்தது. கண்காட்சியில் பார்த்த அளவுக்கு கேம் தயாராகவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. அதன்பின் ஓராண்டுக்கு மேல் காத்திருப்பு. ஒரு கேமைப் பற்றிய சந்தேகம் முளைக்க இதைவிட நல்ல நிலம் கிடையாது. 2004-இன் விமர்சனங்களில் ஒரு பெருமூச்சு கேட்கிறது என்றால், அதற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம்.

அந்த ஆண்டு போட்டியும் சாதாரணமானது அல்ல. மார்ச்சில் ஃபார் க்ரை வந்து, பரந்த தீவுகளில் எதிரியை எந்தப் பக்கத்திலிருந்தும் அணுகலாம் என்று காட்டியது. ஆகஸ்டில் டூம் 3 வந்து, இருட்டையும் நிழலையும் அதுவரை யாரும் செய்யாத அளவுக்குத் தீட்டியது. ஆனால் டார்ச்சையும் துப்பாக்கியையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது என்ற விதி பலரை எரிச்சலூட்டியது. நவம்பர் 9-ஆம் தேதி எக்ஸ்பாக்ஸில் ஹேலோ 2. ஒரே வாரம் கழித்து ஹாஃப்-லைஃப் 2. ஒரே ஆண்டில் நான்கு பெரிய எஃப்பிஎஸ் கேம்கள், நான்கும் வெவ்வேறு திசையில் இழுத்தன. ஆகவே ஹாஃப்-லைஃப் 2-ஐ ஒப்பிட விமர்சகர்களுக்குச் சரக்குக் குறைவில்லை. அந்த ஒப்பீட்டைக் கடந்துதான் அது ஜெயித்தது.

இனி மதிப்பெண்கள். எட்ஜ் பத்திரிகை 10-க்கு 10 கொடுத்தது. இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்: எட்ஜ் 10 கொடுப்பதில் பெயர்போன கஞ்சன். 1993-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் அதுவரை முழு மதிப்பெண் வாங்கியவை நான்கே நான்கு; இது ஐந்தாவது. யூரோகேமர் தளமும் 10 போட்டது. ஐஜிஎன் 9.7. அமெரிக்க பிசி கேமர் 98 சதவீதம். கேம்ஸ்பாட் 9.2, இவர்களில் கொஞ்சம் கையை இறுக்கிப் பிடித்தது அதுதான், அது சொன்ன ஒரு குறையைப் பிறகு சொல்கிறேன். மேக்ஸிமம் பிசி என்ற வன்பொருள் பத்திரிகை ஒரு படி மேலே போய், 10 தான் உச்சம் என்ற தன் சொந்த அளவுகோலையே மீறி 11 கொடுத்தது. இந்த 11-ஐ நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வன்பொருள் பத்திரிகைக்குப் புதிய எஞ்சினை, அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளை, பார்த்த பரவசம் அதில் தெரிகிறது. எட்ஜின் 10 தான் எனக்கு எடை கூடியதாகப் படுகிறது.

விருதுகளில் பாஃப்டாவின் சிறந்த கேம், இன்டராக்டிவ் அச்சீவ்மென்ட் விருதுகளின் ஆண்டின் சிறந்த கேம், கேம் உருவாக்குநர்களே வாக்களித்துத் தரும் கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ் விருதின் ஆண்டின் சிறந்த கேம் ஆகிய மூன்றும் இதற்கே கிடைத்தன. மொத்தமாக 35-க்கும் மேற்பட்ட 'ஆண்டின் சிறந்த கேம்' பட்டங்கள். ஆனால் எல்லா இடத்திலும் ஜெயித்துவிடவில்லை. கேம்ஸ்பாட் அந்த ஆண்டின் சிறந்த கேமாக வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டைத் தேர்ந்தெடுத்தது. ஸ்பைக் தொலைக்காட்சி விருது ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸுக்குப் போனது. போட்டியே இல்லாமல் அரியணை ஏறியது என்று யாராவது சொன்னால் அது சரியல்ல.

சரி, எதைப் பாராட்டினார்கள்? முதலில் இயற்பியல். இதை ஒரு காட்சியை வைத்துச் சொன்னால்தான் புரியும். கேம் தொடங்கிச் சில நிமிடங்களில், கதை நடக்கும் சிட்டி 17 நகரத்தின் ரயில் நிலையத்தில், முகமூடி போட்ட ஒரு காவலன் வழியை மறித்து நிற்கிறான். ஒரு காலி டப்பாவைத் தடியால் தட்டிக் கீழே விழவைத்து, அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடு என்கிறான். எடுத்துப் போட்டால் சிரித்துக்கொண்டே வழிவிடுகிறான். அவன் மேலேயே விட்டெறிந்தால் தடியை ஓங்கிக்கொண்டு துரத்துகிறான். அந்த அரை நிமிடத்தில் மூன்று வேலைகள் முடிந்துவிடுகின்றன. பொருட்களைத் தூக்கலாம், எறியலாம் என்று கற்றுக்கொண்டோம். இந்த ஊரில் மனிதனுக்கு என்ன மரியாதை என்று புரிந்துகொண்டோம். நாம் எப்படிப்பட்ட ஆள் என்பதையும் நாமே முடிவு செய்தோம். ஒரு வரி அறிவுரை கூடத் திரையில் வரவில்லை.

2004-இல் இது எவ்வளவு புதிது என்பதை இன்று உணர்வது கடினம். அதற்கு முன்பும் இயற்பியல் உள்ள கேம்கள் இருந்தன. சுடப்பட்டவன் துணிப்பொம்மை போல் சரிந்து விழுவான், பெட்டிகள் உருளும். பெரும்பாலும் அது அலங்காரம். வால்வ், ஹேவோக் என்ற இயற்பியல் மென்பொருளைத் தன் சோர்ஸ் எஞ்சினுக்குள் பொருத்தி, அதை விளையாட்டின் விதியாகவே ஆக்கியது. பலகையின் ஒரு முனையில் செங்கற்களை அடுக்கினால் மறுமுனை உயரும், அதில் ஏறித் தாவலாம். கூரையிலிருந்து நாக்கைத் தொங்கவிட்டு இரை பிடிக்கும் பார்னக்கிளுக்கு எண்ணெய் பீப்பாயை ஊட்டிவிடலாம். தண்ணீருக்கு அடியில் காலி பீப்பாய்களைச் செருகினால் சாய்தளம் மிதந்து எழும்பும்.

இதன் உச்சம் கிராவிட்டி கன். பொருட்களை ஈர்த்துப் பிடித்து, பிறகு வேகமாக உந்தித் தள்ளும் கருவி. அன்றைய விமர்சனங்களில் அதற்குத் தனி இடம் இருந்தது. ஒரு எஃப்பிஎஸ் கேமில் வந்த ஆகச் சிறந்த ஆயுதங்களுள் ஒன்று என்ற பேச்சு அப்போதே எழுந்தது. நானும் அதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் ஆயுதத்தைவிட அது அறிமுகமாகும் விதம்தான் என்னை ஈர்க்கிறது. நம் கூட்டாளியான அலிக்ஸ் வான்ஸ் அதை நம் கையில் கொடுத்து, டாக் என்ற ரோபோவோடு பந்து விளையாட விடுகிறாள். விளையாட்டாகவே பழகிவிடுகிறோம். அடுத்த கணம் தாக்குதல். நாம் ரேவன்ஹோம் என்ற செத்த ஊருக்குள் தள்ளப்படுகிறோம். அங்கே தோட்டா பற்றாக்குறை. நுழைந்ததும் ஒரு கட்டடத்தில், சுவரில் பதிந்த வட்ட ரம்பமும் அதன் அருகே இரண்டாக அறுபட்ட ஒரு ஜாம்பி உடலும் தெரிகின்றன. வழியில் நிற்கும் ரம்பத்தை கிராவிட்டி கன்னால் உருவி எடுக்கிறோம். எடுத்த அந்த நொடியில் எதிரே ஒரு ஜாம்பி வந்து நிற்கிறது. விரல் தானாகப் பொத்தானை அழுத்துகிறது. ரேவன்ஹோமை எப்படி விளையாட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரிந்துவிட்டது.

அடுத்த பாராட்டு முகங்களுக்கு. மனித முக அசைவுகளைத் தசை தசையாகப் பிரித்து வகைப்படுத்திய உளவியலாளர் பால் எக்மனின் ஆய்வை வைத்து வால்வ் தன் கதாபாத்திரங்களின் முகங்களை அமைத்தது. விஞ்ஞானி டாக்டர் க்ளைனர் பதற்றப்பட்டால் நெற்றி சுருங்குகிறது. அலிக்ஸ் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது கண்ணும் சேர்ந்து சிரிக்கிறது. அலிக்ஸுக்குக் குரல் கொடுத்தவர் மெர்லி டேண்ட்ரிட்ஜ். அவளுடைய தந்தை ஈலை வான்ஸாக ராபர்ட் கியோம். வில்லன் டாக்டர் ப்ரீனாக ராபர்ட் கல்ப். கேம்களில் பெண் கதாபாத்திரங்களைப் பெரும்பாலும் விளம்பரப் படம் போல நிறுத்திவைத்த காலத்தில், அழுக்கு ஜாக்கெட்டும் பொறியாளரின் கையுமாக வந்த அலிக்ஸ் பலரைக் கவர்ந்தாள். அந்தக் கவர்ச்சிக்கு ஆயுள் அதிகம் என்பது 16 ஆண்டுகள் கழித்து, 2020 மார்ச்சில், அவள் பெயரிலேயே ஒரு கேம் வந்தபோது நிரூபணமானது.

பிறகு ஊர். கலை இயக்குநர் விக்டர் ஆன்டோனோவ் பல்கேரியாவின் சோஃபியா நகரில் பிறந்தவர். சோஃபியா, பெல்கிரேடு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போன்ற ஊர்களின் சாயலில் சிட்டி 17-ஐ வரைந்தார். உரிந்துபோன பூச்சுச் சுவர்களும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கொண்ட ஒரு கிழக்கு ஐரோப்பிய நகரம். அதன் நடுவே வானைக் குத்திக்கொண்டு நிற்கும் வேற்றுலக இரும்புக் கோபுரம். அமெரிக்கப் பாலைவனமோ விண்வெளி நிலையமோ அல்லாத ஒரு இடத்தைப் பார்த்ததே அன்று பெரிய மாற்றம். ப்ரீன் பெரிய திரையில் இனிமையாகப் பேசிக்கொண்டே இருக்கிறார், கீழே மக்கள் ரேஷன் பொட்டலத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். கதையாசிரியர் மார்க் லெய்ட்லா எதையும் விளக்கி உரை நிகழ்த்த வைக்கவில்லை. சுவரில் ஒட்டிய செய்தித்தாள் துண்டுகளையும், விளையாட்டு மைதானத்தில் குழந்தைகள் இல்லாத வெறுமையையும் பார்த்து நாமே கோத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது குறைகள். 96 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அன்று யாரும் முகம் சுளிக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. இருந்த குறைகளிலேயே கடுமையானது கேமுக்கு வெளியே இருந்தது: ஸ்டீம்.

2003 செப்டம்பரில் வால்வ் தொடங்கிய ஸ்டீம் என்ற இணைய கேம் தளம் அப்போது யாருக்கும் பிடித்தமான பொருளாக இல்லை. ஹாஃப்-லைஃப் 2-ஐக் கடையில் குறுந்தகடுகளாக வாங்கியவரும் ஸ்டீமை நிறுவ வேண்டும், கணக்குத் தொடங்க வேண்டும், கேமை அந்தக் கணக்கோடு நிரந்தரமாகப் பூட்ட வேண்டும், அதன்பின் இணையம் வழியாகத் திறக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து விளையாடும் கேமுக்கு இணைய இணைப்பு எதற்கு என்று கேட்டது நியாயமான கேள்வி. டயல்-அப் இணைப்பில் இருந்தவர்கள் அன்று ஏராளம். வெளியீட்டு நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து மோதியதில் சர்வர்கள் திணறின. கையில் தகடு இருந்தும் மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. விளையாடி முடித்த பின் இன்னொருவருக்கு விற்க முடியாது என்பதும் அப்போதே சுட்டிக்காட்டப்பட்டது. கேமை மனதாரப் புகழ்ந்த விமர்சகர்களே நிறுவுவதில் இருந்த சிக்கலையும் உதவி கிடைக்காத நிலையையும் கடுமையாகக் கண்டித்தார்கள்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த விமர்சகர்கள் சொன்னது சரிதான். ஸ்டீம் பிறகு கணினி கேம்களின் பிரதானக் கடையாக வளர்ந்துவிட்டதால், அன்றைய எதிர்ப்பை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் வாங்கிய பொருள் நம் கைக்குச் சொந்தமா, அல்லது ஒரு நிறுவனத்தின் சர்வர் அனுமதிக்கும் வரைதானா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. மிகப் பெரிய ஒரு கேமைச் சாவியாக வைத்து அந்தக் கதவு திறக்கப்பட்ட கணத்தில், அதைக் கவனித்து எழுதியவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தவர்கள்.

கேமுக்குள் இருந்த குறைகளில் உடனே கண்ணில் பட்டது லோடிங். ஒரு நடைபாதையின் நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது எல்லாம் அப்படியே உறைந்து, திரை நடுவே அந்த எழுத்து வந்து நிற்கும். வேகமான துரத்தலின் நடுவே இது நிகழ்ந்தால் மூச்சு அறுந்துபோகும். கூடவே, வெளியான புதிதில் பலருடைய கணினியில் ஒலி திக்கித் திக்கி, படமும் அதோடு நின்று நின்று ஓடியது; அதைச் சரிசெய்யப் பிறகு திருத்தங்கள் வந்தன.

எதிரிகளைப் பற்றிய ஏமாற்றம் இதைவிட ஆழமானது. 1998-இல் முதல் பாகத்தின் ராணுவ வீரர்கள் பக்கவாட்டில் சுற்றி வந்து, கையெறிகுண்டு வீசி நம்மை மறைவிடத்திலிருந்து கிளப்பியபோது எல்லோரும் அசந்துபோனார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து வந்த கம்பைன் வீரர்கள், அதாவது உலகை அடிமைப்படுத்திய வேற்றுலக ஆட்சியின் படையினர், அதைவிடப் புத்திசாலிகளாகத் தெரியவில்லை. பல இடங்களில் குறுகிய பாதையில் நேரே வந்து சுடப்பட்டு விழுகிறார்கள். ஃபார் க்ரையின் திறந்த தீவுகளில் எதிரிகளோடு கண்ணாமூச்சி ஆடிவிட்டு வந்தவருக்கு இது கண்ணை உறுத்தியிருக்கும். துப்பாக்கிச் சண்டை என்ற ஒன்றை மட்டும் தனியே எடுத்து எடை போட்டால், ஹாஃப்-லைஃப் 2 அந்த ஆண்டின் சிறந்தது அல்ல என்பது என் கருத்து.

நகரத்தில் கிளர்ச்சி வெடிக்கும் அத்தியாயங்களில் நம்மோடு வரும் போராளிகள் இன்னொரு தொந்தரவு. கதவை அடைத்துக்கொண்டு நிற்பார்கள், நாம் பின்வாங்க நினைக்கும்போது முதுகில் முட்டுவார்கள், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மறுபடி வழியில் வந்து நிற்பார்கள். படகிலும் காரிலும் போகும் பகுதிகள் தேவைக்கு மேல் நீள்கின்றன என்று சொன்னவர்களும் உண்டு. பலர் இணைந்து ஆட தனக்கென ஒரு புதிய மல்ட்டிபிளேயர் இல்லாமல், கவுன்டர்-ஸ்ட்ரைக் சோர்ஸ் என்ற வேறொரு கேமைச் சேர்த்துக் கொடுத்ததும் ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. அந்த மாதக் கடைசியில் டெத்மேட்ச் பதிப்பு வந்ததும் அந்தப் பேச்சு அடங்கியது.

கதையும் முடிவும்தான் அதிகம் விவாதிக்கப்பட்டவை. முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் நடுவே உலகம் எப்படி அடிமையானது, மர்ம மனிதரான ஜி-மேன் யார், கார்டன் எங்கே இருந்தார் என்ற எதற்கும் நேரடிப் பதில் கிடையாது. கடைசியில் கோபுரத்தின் உச்சியில் வெடிப்பு நிகழும் கணத்தில் காலம் உறைகிறது, ஜி-மேன் வந்து கார்டனை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், திரை இருள்கிறது. ஆறு ஆண்டு காத்திருந்த விடைகளுக்குப் பதிலாக இன்னும் நான்கு கேள்விகள். கேம்ஸ்பாட் உட்படச் சிலர் இதைக் குறையாகவே எழுதினார்கள். அதே மாதம் ஹேலோ 2-வும் அந்தரத்தில் முடிந்து திட்டு வாங்கியது. ஆனால் ஹேலோவின் கதைக்கு 2007-இல் முடிவு வந்துவிட்டது.

ஹாஃப்-லைஃபுக்கு அது வரவில்லை. 2006 ஜூனில் எபிசோட் ஒன், 2007 அக்டோபரில் எபிசோட் டூ, அதன் முடிவில் இன்னும் பெரிய ஒரு அந்தரம், பிறகு மௌனம். மூன்றாவது எபிசோட் வரவே இல்லை. 2004-இன் விமர்சகருக்கு அந்த முடிவு அடுத்ததற்கான வாக்குறுதியாகத் தெரிந்தது, அதனால் பெருந்தன்மையோடு மன்னித்தார். அரை மதிப்பெண்தான் குறைந்தது. இன்று விளையாடுகிறவருக்கு அந்த வாக்குறுதி நிறைவேறவில்லை என்பது தெரியும். ஒரே காட்சிதான், ஆனால் இருவரும் பார்ப்பது வேறு வேறு. இன்றைய ஏமாற்றத்தின் ஒரு பங்கு இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு பங்கு, நான் முதலில் சொன்ன கலந்துபோதல். பலகை மீது செங்கல் அடுக்கும் புதிரை இன்று பார்த்தால் பள்ளிக்கூடச் சோதனை போலத் தெரியும். அன்றே சிலருக்கு அது திரும்பத் திரும்ப வருவதாகப் பட்டது. நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து உருவாக்கும் இன்றைய முகங்களுக்குப் பழகிய கண்ணுக்கு, க்ளைனரின் நெற்றிச் சுருக்கம் ஒன்றும் செய்யாது. அறையில் பூட்டிவைத்து நான்கு பேர் பேசுவதைக் கேட்க வைக்கும் காட்சிகளை, தவிர்க்கவும் முடியாமல், ஊமையான கார்டனாக நின்று பார்ப்பது இன்று பொறுமையைச் சோதிக்கிறது. இந்தப் புகாரில் எனக்கு முழு உடன்பாடு. அன்றைய விமர்சகர்கள் அந்தக் காட்சிகளில் புதுமையைப் பார்த்தார்கள். புதுமை உலர்ந்த பிறகு மிச்சமிருப்பது காத்திருப்பு.

அப்படியானால் எது நிற்கிறது? அத்தியாயங்களை அடுக்கிய விதம். முதலில் ஆயுதமே இல்லாமல் ஓடுகிறோம். கால்வாயில் துப்பாக்கி. பிறகு வேகப்படகு, அதைத் துரத்தும் ஹெலிகாப்டர். ரேவன்ஹோமில் அச்சம். கடலோர நெடுஞ்சாலையில் வெளிச்சமும் தனிமையும். ஒரு பெரிய ரயில் பாலத்தின் அடியில், இரும்புச் சட்டங்கள் மேல் காற்றின் ஊளையைக் கேட்டபடி ஊர்ந்து கடக்கிறோம், சுடுவதற்கு அங்கே அவ்வளவாக எதுவும் இல்லை, ஆனாலும் கை வியர்க்கிறது. மணலில் கால் வைத்தால் ஆன்ட்லயன் பூச்சிகள் கிளம்பும் என்பதால் பாறைக்குப் பாறை தாவுகிறோம். அடுத்த அத்தியாயத்தில் அதே பூச்சிகள் நம் படை. அவற்றை ஏவிவிட்டுத்தான் நோவா ப்ராஸ்பெக்ட் சிறைக்குள் நுழைகிறோம். சற்றுமுன் பயந்த ஒன்றை இப்போது செல்லமாக அழைக்கிறோம். பிறகு நகரத்தில் தெருச்சண்டை, கட்டடங்களுக்கு மேல் நடக்கும் நெடுங்கால் எதிரிகளான ஸ்ட்ரைடர்கள். கடைசியில் கோபுரத்துக்குள் எல்லா ஆயுதமும் பிடுங்கப்பட்டு, கிராவிட்டி கன் மட்டும் பலமடங்கு வலுவோடு மிஞ்சுகிறது. அதுவரை பெட்டி தூக்கிய கருவி இப்போது எதிரி வீரனையே தூக்கி வீசுகிறது.

ஒரு யோசனையை எடுத்து, கற்றுக்கொடுத்து, திருகி, சலிப்பதற்கு ஒரு கணம் முன்பே கீழே வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவது. அன்றைய விமர்சனங்களிலும் இந்த வகைவகையான தன்மை பாராட்டப்பட்டதுதான். ஆனால் கிராபிக்ஸுக்கும் இயற்பியலுக்கும் கிடைத்த இடம் அதற்குக் கிடைக்கவில்லை. அதில் விமர்சகர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். தண்ணீரில் வானம் பிரதிபலிப்பதை முதல்முறையாகப் பார்த்த வாரத்தில் அத்தியாய வரிசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத யாருக்குத் தோன்றும்? அதைப் பார்க்கக் கொஞ்சம் காலம் தள்ளி நிற்க வேண்டியிருந்தது.

பிற்கால வரவேற்பும் இதையே காட்டுகிறது. 2005-இல் எக்ஸ்பாக்ஸில் வந்தபோது அந்தக் கருவி திணறினாலும் சராசரி 90. 2007-இல் எபிசோட்கள், போர்ட்டல், டீம் ஃபோர்ட்ரெஸ் 2 ஆகியவற்றோடு ஆரஞ்ச் பாக்ஸ் தொகுப்பாக வந்தபோது, மூன்று ஆண்டுப் பழைய கேம் என்று யாரும் ஒதுக்கவில்லை. தொகுப்புக்கு மறுபடி 96. 2004-இல் ஜிடிஏவிடம் தோற்ற அதே ஸ்பைக் விருது மேடையில், 2012 டிசம்பரில் பத்தாண்டின் சிறந்த கேம் என்ற பட்டம் ஹாஃப்-லைஃப் 2-க்குக் கிடைத்தது. 2024 நவம்பரில் இருபதாம் ஆண்டை ஒட்டி வால்வ் ஒரு பெரிய புதுப்பிப்பும் உருவாக்குநர்களின் விளக்கவுரையும் ஆவணப்படமும் வெளியிட்டது. சில நாட்கள் இலவசமாகவும் கொடுத்தது. அந்த விளக்கவுரையைப் போட்டுக்கொண்டு விளையாடிப் பாருங்கள்: அவர்கள் பேச்சில் எஞ்சினைவிட, ஆட்டக்காரரின் கண் எங்கே திரும்பும், எந்த இடத்தில் அவருக்கு மூச்சுவிட நேரம் தர வேண்டும் என்பதுதான் என் காதில் அதிகம் விழுந்தது.

ஆகவே இன்று முதல்முறையாகத் தொடங்கி, "இதில் என்ன இருக்கிறது?" என்று நினைப்பவருக்கு என் யோசனை: இயற்பியலையும் முகங்களையும் பார்த்து அசர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சண்டை சுமார் என்று தோன்றினால் அதுவும் தவறில்லை, 2004-லேயே சிலர் அப்படித்தான் நினைத்தார்கள். ரேவன்ஹோமிலிருந்து நோவா ப்ராஸ்பெக்ட் வரை ஒரே மூச்சில் விளையாடுங்கள். எந்த இரண்டு அத்தியாயங்களில் ஒரே மாதிரி விளையாடினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதன்பிறகும் பிடிக்கவில்லை என்றால், அந்த 96-உடன் நீங்கள் தாராளமாக முரண்படலாம்.